பத்தாவது துப்பாக்கி

கொலோன்
18.11.2024

ஜெசிந்தனுக்கு,

‘அன்புள்ள’ என்று தொடங்க மனம் வரவில்லை. அதனால் தொடங்கவில்லை. வட்ஸ்அப்பில் உன்னை மறித்து வைத்திருப்பதால் கடிதம் எழுத வேண்டியிருக்கிறது. உங்கள் கடைக்கு அழைத்தபோது, பழுதை எழுதிப் பெட்டிக்குள் வைத்து அனுப்பும்படி ஒரு பெண் சொன்னார். ஜேர்மனில் எழுதினால் மரியாதையாக எழுதவேண்டி வரும், எனவே தமிழில் எழுதுகிறேன்.

உன் மேசையில் எத்தனையோ பேருடைய சாமான் கிடக்கும். ஆகவே ஞாபகப்படுத்துகிறேன். எங்கள் ஹோலில் வாடகைக்குக் கொடுக்கும் எயார்சொவ்ற் துப்பாக்கிகள் பத்து. பற்றறியில் ஓடி, ஆறு மில்லிமீற்றர் பிளாஸ்டிக் குண்டு சுடுகிற விளையாட்டுத் துப்பாக்கிகள். சனி ஞாயிறுகளில் வருகிற கூட்டம் அவற்றைப் படாத பாடு படுத்துகிறது. தொழிற்சாலையில் போட்டு வந்த உள்பாகங்கள் இதைத் தாங்காது, எல்லாவற்றையும் மாற்றவேண்டும், ஸ்பிறிங்கையும் மாற்றுவதென்றால் உரிமம் உள்ள பட்டறை வேண்டும் என்று சொன்னவன் நீ. சொல்லிப்போட்டு லைப்சிக்கில் அப்படி ஒரு பட்டறையில் போய் இருந்துகொண்டாய். அதனால் செப்டெம்பரில் ஒன்பதின் கியர்பொக்ஸைக் கழற்றி உங்களுக்கு அனுப்பினேன். துப்பாக்கியின் இயந்திரம் முழுக்க அந்தக் கைப்பிடியளவுப் பெட்டிக்குள்தான், அது போனால் மிச்சம் வெறும் கோது. பத்தாவதை அனுப்பவில்லை. ஒன்றாவது நீ தொடாமல் இருக்கட்டும் என்று வைத்துக்கொண்டேன்.

ஒக்டோபரில் ஒன்பதும் திரும்பி வந்தன. உருக்குக் கியர், உருக்கு புஷ், புது மோட்டர் என்று நீளமாக எழுதியிருந்தாய். நானும் நம்பிப் பூட்டினேன். நவம்பர் பிறந்ததும் தொடங்கியது. முதலில் குண்டு பத்து மீற்றர் போய்க் கீழே விழுந்தது. பிறகு உள்ளே மணல் அரைபடுகிற சத்தம். பிறகு விசையை இழுத்தால் ஒன்றுமே இல்லை. போன சனியோடு ஆறு படுத்துவிட்டன. பிறந்தநாள் கொண்டாட வந்த ஒரு கூட்டம் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனது.

வேடிக்கை என்னவென்றால், உன் கை படாத பத்தாவது இன்னும் ஜாம் ஜாம் என்று ஓடுகிறது. நாலு நாளைக்குத் தாங்காது என்று நீ சொன்ன அதே மலிவுச் சாமான்கள்.

எனக்குத் தெரிந்த காரணம் நைலோன். பிஸ்டனை முழு உருக்கில் போடு என்று தலையால் அடித்துக்கொண்டேன். நீ நைலோனில் போட்டாய். எதிலும் நீ நினைத்ததைத்தானே செய்கிறவன்.

மூன்று கியர்பொக்ஸை இத்துடன் அனுப்புகிறேன். ஒரு கிழமைக்குள் பதில் வராவிட்டால் உன் பட்டறையை நடத்துகிற மைஸ்ரருக்கே எழுதுவேன்.

சாரங்கா


லைப்சிக்
25.11.2024

அன்புள்ள சாரங்கா அக்காவுக்கு,

மூன்றும் கிடைத்தன. திறந்து பார்த்ததை எழுதுகிறேன்.

நீங்கள் திட்டிய நைலோன் பிஸ்டன் மூன்றிலும் சுகமாக இருக்கிறது. ஒரு பல்லும் போகவில்லை. கெட்டுப்போனவை மற்றவை. உருக்குக் கியரின் பற்கள் உடையவில்லை, தேய்ந்திருக்கின்றன. கியரின் அச்சு சுழலும் புஷ் துளைகள் நீள்வட்டமாகிவிட்டன. காற்றை அடைத்துப் பிடிக்கும் றப்பர் வளையம் கீறுப்பட்டிருக்கிறது, குண்டு பத்து மீற்றரில் விழுந்ததற்கு அதுதான் காரணம். ஒரு மாதத்தில் இவ்வளவு தேய்வு வராது. ஐந்து வருடம் ஓடினால் வரலாம்.

நைலோன் ஏன் என்று மறுபடியும் சொல்கிறேன், அப்போது சண்டையில் நீங்கள் கேட்கவில்லை. கியர்பொக்ஸின் கோது வார்ப்பு உலோகம். முழு உருக்குப் பிஸ்டன் பாரம். ஒவ்வொரு சூட்டுக்கும் அது போய்க் கோதின் முன்பக்கத்தில் மோதும். உள்ளே எல்லாமே உருக்கு என்றால் கடைசியில் வெடிப்பது கோதுதான், அதோடு எல்லாம் முடிந்தது. பல்லை மட்டும் உருக்கில் வைத்து உடம்பை நைலோனில் போட்டால், மிஞ்சிப்போனால் பிஸ்டன் ஒன்று உடையும். அதை மாற்றுவது அரை மணி வேலை. புஷ்ஷும் அப்படித்தான். குண்டுமணி வைத்த பெயாரிங் வேகமாகச் சுழலும், ஆனால் ஒன்று சிதறினால் மணிகள் கியருக்குள் விழுந்து எல்லாவற்றையும் தின்றுவிடும். வாடகைக்குப் போகிற சாமானுக்கு வேகம் தேவையில்லை. திங்கட்கிழமையும் ஓடவேண்டும், அவ்வளவுதான்.

எனக்குப் பிடிபடாதது ஒன்று. நான் பூசியது வெள்ளைக் கிறீஸ். இப்போது மூன்றிலும் செங்கபில நிறத்தில் கிடக்கிறது. துரு இல்லை, துடைத்துப் பார்த்தேன், ஒரு பாகமும் துருப்பிடிக்கவில்லை. விரலில் உரசினால் நறநறக்கிறது. யாராவது திறந்து வேறு கிறீஸ் பூசினார்களா? வெளியே மண்ணில் வைத்துச் சுட்டீர்களா? தயவுசெய்து யோசித்துச் சொல்லுங்கோ. மிச்சத்தில் இரண்டையும், நல்லாக ஓடுகிற பத்தாவதையும் அனுப்பினால் ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

மைஸ்ரருக்கு எழுதுவதைக் கொஞ்சம் பொறுங்கோ. செப்டெம்பரில் என் அவுஸ்பில்டுங், இந்தத் தொழிற்பயிற்சி, தொடங்கியது உங்களுக்குத் தெரியும். சோதனைக் காலம் இந்த ஆண்டோடு முடிகிறது. அதுவரை ஒரு காரணமும் சொல்லாமலே என்னை அனுப்பிவிடலாம். இருபத்தொன்பது வயதுக்காரனைப் பயிற்சிக்கு எடுக்கிற துப்பாக்கிப் பட்டறை இந்த நாட்டில் இன்னொன்று கிடைக்கும் என்று நான் நம்பவில்லை.

அன்ரி சுகமா? முழங்கால் வலி எப்படி?

ஜெசிந்தன்


கொலோன்
2.12.2024

ஜெசிந்தன்,

பிந்திவிட்டாய். உன் கடிதம் வருவதற்கு முதல் நாளே உன் மைஸ்ரருக்கு எழுதி அனுப்பிவிட்டேன். ஜேர்மனில்தான், மரியாதையாகத்தான்.

ஒருவரும் திறக்கவில்லை. ஒருவரும் கிறீஸ் பூசவில்லை. எங்கள் ஹோலில் எங்கே மண் இருக்கிறது? சீமெந்துத் தரை, நீயே நிறம் அடித்தாய், மறந்துபோச்சா? நீ அனுப்பிய பெட்டிகளைத் துணியால் துடைத்தேன், துப்பாக்கிக்குள் வைத்துப் பூட்டினேன், வேறு ஒன்றும் செய்யவில்லை. செங்கபிலம், நறநறப்பு என்று கதை விடாதே. உன் கிறீஸ்தான் பிழை. மலிவாக எங்கேயோ வாங்கியிருப்பாய்.

பதினான்காம் திகதி ஒரு கொம்பனி தன் வேலையாட்கள் எல்லாரையும் கூட்டிக்கொண்டு வருகிறது. டுசெல்டோவ் ஹோல்காரனிடம் துப்பாக்கி இரவல் கேட்டிருக்கிறேன். அவன் முன்னால் போய் நிற்கவேண்டி வந்ததை நினைத்தால் எனக்கு இன்னும் காது சுடுகிறது.

அம்மாவின் முழங்காலைக் கேட்டிருக்கிறாய். கேட்கிற முகத்தைப் பார். இரண்டு வருடம் இந்த ஹோலை நானும் நீயும் தூக்கி நிறுத்தினோம். ஒரு நாள் பாக்கியில்லாமல் அம்மா உனக்கும் சேர்த்துச் சாப்பாடு கட்டினா. நீ போன திங்கட்கிழமை நான் வந்து பார்க்கிறேன், ஹோல் கதவின் திறப்பு மேசையில் கிடக்கிறது, பக்கத்தில் முதல் நாள் சாப்பாட்டுப் பெட்டி. மூடி கூடத் திறக்கவில்லை. கழுவக் கொண்டுபோனால் அம்மா கேட்கிறா, “பெடியன் சாப்பிடேல்லையோ? சுகமில்லையோ?” நான் என்ன சொல்ல? பசியில்லையாம் என்றேன். அடுத்த நாளும் உனக்குச் சேர்த்துத்தான் கட்டினா. மூன்றாம் நாள்தான் நான் உண்மையைச் சொன்னேன். அம்மா உன் பெட்டியைத் துடைத்து அலமாரியில் வைத்தா. எனக்கு அதுதான் இன்றைக்கும் ஆறவில்லை.

லைப்சிக் போகிறாய் என்று என்னிடம் சொல்லியிருந்தால் நான் சத்தம் போட்டிருப்பேன், உண்மை. போட்டுவிட்டுப் போகவிட்டிருப்பேன்.

கேட்டபடி இன்னும் இரண்டு அனுப்புகிறேன். பத்தாவதின் பெட்டியும் இருக்கிறது. அதைத் திறந்து பார்த்துப் படித்துக்கொள்.

சாரங்கா


லைப்சிக்
9.12.2024

அன்புள்ள சாரங்கா அக்காவுக்கு,

உங்கள் கடிதத்தை மைஸ்ரர் என்னிடம் வாசிக்கத் தந்தார். நல்ல ஜேர்மன். ‘அலட்சியம்’ என்ற சொல் இரண்டு இடத்தில் இருந்தது.

இப்போது நான் வேலைமேசையில் இல்லை. பின்னறையில் பார்சல் கட்டுகிறேன். காரணம் தெரியும்வரை ஸ்குறூடிரைவரைத் தொடவேண்டாம் என்று சொல்லிவிட்டார். கோபப்படவில்லை. அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குக் கொஞ்சம் இலேசாக இருந்திருக்கும். ஆண்டு முடிவதற்குள் காரணம் தெரிந்தால் பேசலாம், தெரியாவிட்டால் ஒப்பந்தம் முடிகிறது. மத்தியான இடைவேளையில், அவர் முன்னால் வைத்து, உங்கள் பெட்டிகளைத் திறக்க மட்டும் அனுமதி.

பத்தாவதைத் திறந்தோம். கியர் மலிவு வார்ப்பு, புஷ் பிளாஸ்டிக், மோட்டர் மெலிந்தது. இன்னொரு கோடை தாங்கினால் பெரிய விசயம். ஆனால் உள்ளே துப்புரவாக இருக்கிறது. தொழிற்சாலைக் கிறீஸ் அப்படியே மங்கலான வெள்ளை. சிவப்பு ஒரு பொட்டும் இல்லை.

மற்ற இரண்டிலும் அதே செங்கபிலம். ஆகவே சாமான் மலிவா விலையா என்பதல்ல கேள்வி. ஒன்பதுக்கும் நடந்து, பத்தாவதுக்கு நடக்காத ஏதோ ஒன்று இருக்கிறது.

கிறீஸைக் கழுவும் திரவத்தில் கியர்களைப் போட்டேன். அடியில் இரண்டு படிவு தங்கியது, ஒன்று சிவப்பு, ஒன்று சாம்பல் வெள்ளை. சூடுகாட்டியபோது ஒரு வாசம் வந்தது. மைஸ்ரர் மோந்து பார்த்துவிட்டுச் சவர்க்காரம் என்றார். எனக்குச் சவர்க்காரம் மாதிரித் தெரியவில்லை.

பிறகு ஒன்று நடந்தது. இரண்டாவது பெட்டியின் விசைப் பக்கத்தில், தகட்டுக்கும் கோதுக்கும் இடையில், ஏதோ சிக்கியிருந்தது. மைஸ்ரர் இடுக்கியால் எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு அரிசிமணி. என்னைப் பார்த்தார். நான் வேலைமேசையில் வைத்துச் சோறு சாப்பிடுகிறவன் என்று அவர் முடிவுகட்டியது முகத்தில் தெரிந்தது. துப்பாக்கிப் பட்டறையில் அதைவிடப் பெரிய குற்றம் இல்லை. நான் இங்கே சோறு இல்லாமல் பாண் துண்டு மட்டும் கொண்டுவருகிறவன், அதையும் வெளியே மர வாங்கில் உட்கார்ந்து சாப்பிடுகிறவன் என்று சொன்னேன். இது வேகாத அரிசி என்றும் சொன்னேன். “அப்படியென்றால் எப்படி உள்ளே வந்தது?” என்றார். தெரியாது என்றேன்.

தெரியாது என்றது பொய்.

அக்கா, அந்த அரிசி மஞ்சள் பூசினது. மன்னாரில் எங்கள் வீட்டுக்கு இரண்டு பக்கமும் சைவ வீடுகள். மஞ்சள் அரிசியை எதற்குத் தூவுவார்கள் என்று எனக்குத் தெரியும். சந்தனத்தின் வாசமும் தெரியும், பிடிபட நேரமெடுத்தது, அவ்வளவுதான். பெட்டிகள் உங்கள் கைக்கு வந்தது ஒக்டோபரில் எந்தக் கிழமை? அந்தக் கிழமை வீட்டில் என்ன நடந்தது?

நான் ஊகித்ததை மைஸ்ரரிடம் சொல்லவில்லை. சொன்னால் நான் தப்பலாம். ஆனால் அன்ரி செய்த காரியத்தை, அவவுக்குத் தெரியாமல், அதை விளங்கிக்கொள்ளாத ஒருவர் முன்னால் வைத்து நான் குற்றமாகச் சொல்லமாட்டேன். நீங்கள் எழுதுங்கோ. இல்லை, எழுதவேண்டாம் என்று நினைத்தால் எனக்கு அதையாவது எழுதுங்கோ.

ஜெசிந்தன்


கொலோன்
15.12.2024

தம்பி ஜெசிந்தன்,

உன் கடிதத்தை ஹோலில் நின்றபடி வாசித்தேன். அரிசிமணியில் வந்து நின்றதும் கதிரையைத் தேடி இருந்தேன்.

ஐயோ கடவுளே. எனக்கு எப்படி இது தட்டுப்படாமல் போனது?

நடந்ததை எழுதுகிறேன். உன் பார்சல் வந்தது ஆயுத பூசைக்கு முதல் நாள். அம்மா இரண்டு வருடமாக ஹோல் பக்கமே எட்டிப் பார்த்ததில்லை, உனக்குத் தெரியும். “ஆளை ஆள் சுடுறதை விளையாட்டெண்டு சொல்லி, அதுக்கு ரிக்கற்றும் குடுக்கிறியள்” என்று சொல்லிக்கொண்டிருந்தவ. அன்றைக்குத் தானாகவே கேட்டா, “கடையில பூசை வைக்கேல்லையோ? தொழில் செய்யிற இடமெல்லே?” நான் ஆச்சரியப்பட்டு, ஓம் வாங்கோ என்றேன்.

வரவேற்பு மேசையில் வெள்ளைத் துணி விரித்து, சரஸ்வதி படம் வைத்து, துப்பாக்கிகளைக் கொண்டுவரச் சொன்னா. கோதுகளைக் கொண்டுபோனேன். உள்ளே ஒன்றுமில்லாமல் இலேசாக இருந்ததைத் தூக்கிப் பார்த்துவிட்டு, “இதுக்க இயந்திரம் எங்க?” என்று கேட்டா. நீ அனுப்பிய பார்சலைக் காட்டினேன். “அதையெல்லே வைக்கவேணும். கோதுக்குப் பூசை செய்து என்ன?” என்றா.

அதனால் ஒன்பது கியர்பொக்ஸும் வரிசையாகத் துணிமேல் போயின. ஒவ்வொன்றுக்கும் விபூதி பூசி, சந்தனம் வைத்து, அதற்குமேல் குங்குமம். தாராளமாகத்தான் வைத்தா. எங்கே துளை, எங்கே பல்லு என்று அவவுக்கு என்ன தெரியும்? துளை இருந்த இடத்தில் சந்தனம் நன்றாகப் பிடித்தது என்று ஒன்றுக்கு அங்கேயே வைத்தா. மஞ்சள் தண்ணீர் தெளித்தா, அரிசி தூவினா, கற்பூரம் காட்டினா. விஜயதசமி வரை ஒருவரும் தொடக்கூடாது என்று அப்படியே விட்டோம். அதற்குள் எல்லாம் காய்ந்து ஒட்டிவிட்டது. மறுநாள் நான் துணியால் வெளிப்பக்கத்தை அழுத்தித் துடைத்தேன். துடைத்தேன் என்று உனக்கு எழுதினேனே, அது இந்தத் துடைப்புத்தான். வெளியே போனதில் பாதியை நானே உள்ளே தள்ளியிருப்பேன்.

பத்தாவது துப்பாக்கி அன்றைக்கு என் காருக்குள் கிடந்தது. படம் எடுக்கிற மாணவன் ஒருவனிடம் போய்த் திரும்பி வந்ததை நான் இறக்கவில்லை. அவ்வளவுதான் அதன் அதிர்ஷ்டம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும், சொல்லாவிட்டால் எனக்கு நித்திரை வராது. பொட்டு வைத்துக்கொண்டு போகும்போது அம்மா கேட்டா, “இது ஆர் செய்தது?” ஜெசிந்தன்தான் லைப்சிக்கில் இருந்து செய்து அனுப்பினவன் என்றேன். “பெடியன்ர கைபட்டது. நல்லா ஓடட்டும்” என்று சொல்லி, முதல் இரண்டுக்கும் திரும்பப் போய் இன்னொரு முறை குங்குமம் வைத்தா. நீ போன பிறகு அவ உன் பெயரை எடுத்தது அன்றைக்குத்தான்.

முதலில் போனவை அந்த இரண்டும்தான். இப்போது விளங்குகிறது.

உன் மைஸ்ரருக்கு எழுதிவிட்டேன், நேற்றே தபாலில் போட்டுவிட்டேன். குங்குமத்துக்கு ஜேர்மன் சொல் தேடி அரை நாள் போனது. கடைசியில் ‘வழிபாட்டில் பாவிக்கும் சிவப்புத் தூள்’ என்று எழுதினேன். தொழில் செய்கிற கருவிகளுக்கு வருடத்தில் ஒரு நாள் நாங்கள் நன்றி சொல்கிறோம், அந்த நன்றி இந்த முறை கியருக்குள் போய்விட்டது, பிழை முழுக்க எங்களுடையது, இந்தப் பயிலுனர் செய்த வேலையில் ஒரு குறையும் இல்லை என்று எழுதினேன். அலட்சியம் என்ற சொல்லை இரண்டு இடத்திலும் திரும்பப் பெறுகிறேன் என்றும் எழுதினேன். அம்மாவின் பெயரை எழுதவில்லை. ‘நாங்கள்’ என்று போட்டேன்.

அம்மாவுக்கு இது தெரியவேண்டாம். தெரிந்தால் இனிமேல் ஒரு சாமானுக்கும் பொட்டு வைக்கமாட்டா.

எனக்கு உன்னிடம் மன்னிப்புக் கேட்கத் தெரியவில்லை. கேட்டதாக வைத்துக்கொள்.

சாரங்கா அக்கா


லைப்சிக்
3.1.2025

அன்புள்ள சாரங்கா அக்காவுக்கு,

புதுவருட வாழ்த்துகள். பதிலுக்குத் தாமதித்தேன், முப்பத்தோராம் திகதி தாண்டட்டும் என்று.

தாண்டிவிட்டது. நான் இங்கேதான் இருக்கிறேன், வேலைமேசையில்.

மைஸ்ரர் உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். “உனக்கு இது முன்பே தெரியுமா?” என்று கேட்டார். அரிசியைப் பார்த்த அன்றே தெரியும் என்றேன். ஏன் சொல்லவில்லை என்று கேட்டார். அந்த வீட்டில் இரண்டு வருடம் சாப்பிட்டிருக்கிறேன் என்றேன். பிறகு துளையிடும் இயந்திரத்தைக் காட்டி, அதற்கும் இப்படிப் பொட்டு வைப்பார்களா என்று கேட்டார். ஓம், காருக்கும் தையல் மெசினுக்கும்கூட வைப்பார்கள் என்றேன். அவர் சிரிக்கவில்லை. குறித்துக்கொண்டார்.

அதன்பிறகு சொன்னதை எழுதுகிறேன், எனக்கு உறைத்ததால். வாடிக்கையாளர் சாமானை என்ன செய்வார் என்று தெரியாமல் பாகம் தெரிந்தெடுத்தால் அது பாதி வேலை என்றார். ஸ்பிறிங்கின் பலம், எத்தனை சூடு, எத்தனை கைமாற்றம் என்றெல்லாம் கணக்குப் போட்ட நான், உங்கள் வீட்டைத் தெரிந்த நான், ஒக்டோபரில் ஆயுத பூசை வரும் என்று நினைக்கவில்லை. பெட்டிகளைத் தனியே, திறந்த துளைகளோடு, அந்தக் கிழமை பார்த்து அனுப்பினேன். ஆகவே ‘பிழை முழுக்க எங்களுடையது’ என்று நீங்கள் எழுதியது சரியில்லை.

ஒன்பதையும் திரும்பச் செய்யச் சொல்லியிருக்கிறார். பத்தாவதின் பெட்டியை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். மற்ற ஒன்பதுக்கும் இந்த முறை துப்பாக்கிகளையும் மிச்ச நாலு பெட்டிகளையும் அனுப்புங்கோ, பெட்டி தனியே திரும்பி வராது, உள்ளே பூட்டித்தான் வரும். பிஸ்டன் அதே நைலோன்தான், சண்டைக்கு வராதேங்கோ. கியர் அதே உருக்கு, அதைவிட நல்லது அந்த விலையில் இல்லை. புஷ்ஷைக் கொஞ்சம் அகலமானதாகப் போடுகிறேன். விசைப் பக்கத்துத் துளைகளுக்கு மெல்லிய தகடு வெட்டி மூடுகிறேன். மோட்டரின் வாய்க்கும் ஒரு வலைமூடி.

பிறகு ஒன்று, இது எந்தப் பட்டியலிலும் இல்லாத பாகம். கைப்பிடிக்கு மேலே, துப்பாக்கிக் கோதின் வெளிப்பக்கத்தில், ஒரு சதக் காசுக் குற்றி அளவில் பித்தளை வட்டம் ஒன்று கடைந்து பூட்டுகிறேன். நடுவில் சின்னப் பள்ளம், சுற்றிவர விளிம்பு, பின்னால் ஒரு துளையும் இல்லை. எவ்வளவு சந்தனம் வைத்தாலும் அங்கேயே நிற்கும். அது அன்ரி பொட்டு வைக்கிற இடம். அப்படி என்று சொல்லவேண்டாம். அழகுக்கு வைத்தது என்று சொல்லுங்கோ.

அந்தச் சாப்பாட்டுப் பெட்டியைப் பற்றி எழுதியிருந்தீர்கள். அன்றைக்கு எனக்குப் பசி இருந்தது. மூடியைத் திறந்தால் போகமாட்டேன் என்று தெரிந்தது. அதனால் திறக்கவில்லை. உங்களிடம் சொல்லாமல் போனதும் அதே காரணம்தான். உரிமம் இல்லாமல் எத்தனை நாளைக்கு அடுத்தவன் பட்டறை வாசலில் நிற்பது, எங்களில் ஒருவர் அதைப் படித்துக்கொண்டு வரவேண்டும் என்று நினைத்தேன். அதை வாயால் சொல்லத் தெரியவில்லை.

ஜெசிந்தன்


கொலோன்
4.10.2025

அன்புள்ள தம்பி ஜெசிந்தன்,

மறித்ததை எப்போதோ எடுத்துவிட்டேன், நீயும் ஒவ்வொரு கிழமையும் குரல்பதிவு அனுப்புகிறாய். இருந்தாலும் இதைக் கடிதத்தில்தான் எழுதவேண்டும் போல இருந்தது.

ஒன்பதும் ஓடுகின்றன. கோடை முழுக்க ஓடின. இரண்டில் பிஸ்டன் உடைந்தது, மாற்றினேன், நீ சொன்ன அரை மணி எனக்கு ஒன்றரை மணி. கோதில் ஒரு கீறலும் இல்லை. நைலோனைப் பற்றி இனி வாய் திறக்கமாட்டேன்.

புதன்கிழமை ஆயுத பூசை. அம்மா வந்தா. போன வருடத்து வெள்ளைத் துணியையே தோய்த்துக்கொண்டு வந்திருந்தா. பத்துத் துப்பாக்கியையும் வரிசையாக வைத்தேன், இந்த முறை பத்தாவதையும் காரில் விடவில்லை. அம்மா சந்தனக் கிண்ணத்தோடு முதலாவதுக்குக் கிட்டப் போனா. பித்தளை வட்டத்தை விரலால் தடவினா. பள்ளத்தில் சந்தனம் வைத்தா, அதன்மேல் குங்குமம். அளவெடுத்ததுபோல நின்றது. அடுத்ததுக்குப் போனா. ஒன்பதுக்கும் அப்படியே வைத்தா.

‘வட்டம் அழகுக்கு வைத்தது, அம்மா’ என்று நான் ஜனவரியிலேயே சொல்லியிருந்தேன். அப்போது ம் என்று மட்டும் சொன்னா.

பத்தாவதுக்கு முன்னால் நின்றா. அதில் வட்டம் இல்லை. “இதுக்கு எங்க வைக்கிறது?” என்று கேட்டா. எங்கேயாவது வையுங்கோ அம்மா என்றேன். திரும்பி என்னைப் பார்த்தா.

“எங்கயாவது வைச்சுத்தானே போன வரியம் ஒன்பதையும் கெடுத்தனான்.”

ஆர் சொன்னது என்று கேட்டேன்.

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான் பொட்டு வைச்ச ஒன்பதும் படுத்திது, வைக்காத ஒண்டு ஓடிச்சுது. பிறகு பெடியன் வட்டம் அடிச்சு அனுப்புறான். எனக்குக் கணக்குத் தெரியாதெண்டோ நினைச்சனீ? அவன் என்னைப் பொட்டு வையாதேங்கோ எண்டு சொல்லேல்லை. எங்க வைக்கிறதெண்டு காட்டினவன்.” சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துவிட்டுக் கற்பூரத்தைக் கொளுத்தினா.

பத்தாவதுக்குப் பொட்டு வைக்கவில்லை. அதைத் துணியில் இருந்து தூக்கி என் கையில் தந்து, “இதைத் தம்பியிட்ட அனுப்பு. இதையும் அவன் செய்யட்டும்” என்றா.

ஆகவே இந்தப் பார்சலில் பத்தாவது துப்பாக்கி இருக்கிறது. உன் கை படக்கூடாது என்று நான் வைத்துக்கொண்டிருந்த அதே துப்பாக்கி. உள்ளே எல்லாவற்றையும் எடுத்துப் போட்டுவிட்டு உனக்குச் சரியென்று பட்டதைப் போடு. நான் ஒன்றும் சொல்லமாட்டேன். வட்டத்தை மட்டும் மறக்காதே.

துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஒரு சாப்பாட்டுப் பெட்டியும் இருக்கும். உன்னுடைய பழைய பெட்டிதான், நீல மூடி. உள்ளே அம்மா சுட்ட பயற்றம் பணியாரம், ஒரு கிழமைக்குக் கெடாது. உன் மைஸ்ரருக்கும் கொடுக்கச் சொன்னா, ஆனால் வேலைமேசைக்குக் கிட்ட வைத்துச் சாப்பிடவேண்டாமாம்.

இந்த முறை மூடியைத் திற.

அக்கா